மீன் மார்க்கெட்டில் பார்த்த பச்சை மீன்: சாயமா, சொந்த நிறமா?

கேள்வி இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டில் ஐஸ் மேல் கிளிப்பச்சை நிறத்தில் ஒரு பெரிய மீன் கிடந்தது. வாயில் பல்லுக்குப் பதில் கிளி அலகு. பக்கத்திலேயே மஞ்சள் உடம்பில் நீலப் பட்டை போட்ட சின்ன மீன்கள். "ரெண்டும் ஒரே மீன்தாண்ணே, கிளி மீன், ராமேஸ்வரம் பக்கத்துச் சரக்கு" என்றார் கடைக்காரர். நம்பாமல் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டீர்கள். நிறம் சாயமா? இரண்டும் எப்படி ஒரே மீன் ஆகும்? அந்த அலகு எதற்கு? வாங்கிச் சாப்பிடலாமா? வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

சாயம் இல்லை. கடைக்காரர் சொன்னதும் சரி. மஞ்சளாகக் கிடந்தவை பெரும்பாலும் பெண்கள். பச்சையாகக் கிடந்தது ஆண். அந்த ஆணும் ஒரு காலத்தில் மஞ்சளாக, பெண்ணாக இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மற்றதெல்லாம் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியது.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது நீலப்பட்டைக் கிளிமீன். அறிவியல் பெயர் ஸ்காரஸ் கோபன். மன்னார் வளைகுடாவிலிருந்து மதுரைக்கு வரும் கிளிமீன்களில் அடிக்கடி கண்ணில் படுவது இதுதான். இளம்பருவத்திலும் பெண்ணாக இருக்கும்போதும் உடம்பு மங்கலான மஞ்சள், சிலது ஆரஞ்சு சாயல் கலந்த மஞ்சள். ஒவ்வொரு செதிலின் நடுவிலும் லேசான நீலம். அந்த நீலம் சில இடங்களில் மட்டும் அடர்ந்து, மேலிருந்து கீழாக ஐந்து பட்டைகளாகத் தெரியும். பட்டைகள் கோடு கிழித்த மாதிரி நேராக இருக்காது, விட்டு விட்டு இருக்கும். ஐஸில் நேரமான மீனில் பட்டைகள் மங்கி, கடைசி ஒன்றிரண்டு கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

ஆணின் உடுப்பு முற்றிலும் வேறு. முதுகுப் பக்கம் பச்சை, வயிற்றுப் பக்கம் வெளிறிய நீலப்பச்சை. செதிலின் ஓரத்தில் மட்டும் ரோஸ் நிறம். கண்ணைச் சுற்றியும் தாடையிலும் நீலப்பச்சைக் கோடுகள் ஒழுங்கில்லாமல் ஓடும். வால் ஓரங்களிலும் முதுகுத் துடுப்பின் விளிம்பிலும் நீலம். வாலின் இரு நுனியும் நீண்டு, பிறை வடிவம் எடுத்திருக்கும். சாதாரணமாகக் கடைக்கு வருபவை ஒரு முழத்துக்குக் குறைவு. முழு வளர்ச்சி அடைந்தால் 75 சென்டிமீட்டர் வரை போகும், ஆனால் அந்த அளவில் மதுரைக் கடைகளில் கிடைப்பது அபூர்வம். எண்ணிப் பார்க்கிற பொறுமை உள்ளவர்களுக்கு இன்னொரு அடையாளம்: முதுகுத் துடுப்பில் முள் 9, மென்கதிர் (வளைந்து கொடுக்கும் மெல்லிய கம்பி) 10. அடித்துடுப்பில் முள் 3, மென்கதிர் 9. எல்லாக் கிளிமீன் இனங்களுக்கும் இந்தக் கணக்கு மாறாது.

சாயம் பற்றிய சந்தேகத்துக்கு வருகிறேன். ஈரமான வெள்ளைத் துணியாலோ டிஷ்யூ பேப்பராலோ அழுத்தித் துடைத்துப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. சாயமானால் ஒட்டிக்கொண்டு வரும். அதைவிட நம்பகமான சோதனை கண்தான். ஒவ்வொரு செதிலிலும் பச்சையும் ரோஸும் தனித்தனியாக, அளவு மாறாமல், வரிசை தப்பாமல் இருக்கிறது. ஒரு மீனுக்கு இப்படிச் சாயம் தீட்ட உட்கார்ந்தால், அந்த மீன் விற்ற காசு கூலிக்கே போதாது.

கேரளத்துக்காரர்களிடம் பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அங்கே கிளிமீன் என்றால் ரோஸ் நிறத்தில் ஒல்லியாக இருக்கும் வேறொரு மீன். அதற்கும் இதற்கும் உறவில்லை. மலையாளச் சமையல் வீடியோ பார்த்துவிட்டு இந்தப் பச்சை மீனை வாங்கினால் ருசி, பக்குவம் எதுவும் ஒத்துவராது.

இனி அந்த ஆண், பெண் விவகாரம். இந்த மீனில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஒரு பெரிய ஆண், அதன் எல்லைக்குள் மேயும் சில பெண்கள்: பல கிளிமீன் இனங்களில் குடும்ப அமைப்பு இப்படித்தான். அந்த ஆணைச் சுறாவோ களவாவோ பிடித்துக்கொண்டு போய்விட்டால் அந்த இடம் நெடுநாள் காலியாக இருப்பதில்லை. கூட்டத்தில் பெரிய பெண் ஒன்று ஆணாக மாறத் தொடங்கும். உள்ளே முட்டை செய்துகொண்டிருந்த உறுப்பு விந்து செய்யும் உறுப்பாக மாறும். பெண் ஹார்மோன் குறைந்து ஆண் ஹார்மோன் ஏறும். அதோடு மஞ்சள் போய்ப் பச்சை வரும். ஆக, பச்சை என்பது வெறும் அழகு இல்லை. "நான் ஆண், இந்த எல்லை என்னுடையது" என்று சுற்றிலும் உள்ள மீன்களுக்கு அறிவிப்பது.

சில கிளிமீன் இனங்களில் இன்னொரு தந்திரமும் உண்டு. பிறக்கும்போதே ஆணாகப் பிறந்த மீன்கள் பெண்ணின் நிறத்திலேயே வளர்ந்து, பெரிய ஆணுக்குத் தெரியாமல் பெண்களோடு கலந்து, முட்டையிடும் நேரத்தில் புகுந்துவிடும். அதனால்தான் மேலே "பெரும்பாலும் பெண்கள்" என்று கொஞ்சம் இடம் விட்டு எழுதினேன்.

முட்டையிடுவது பாரின், அதாவது பவளப்பாறையின், அடியில் அல்ல, மேலே. ஆணும் பெண்ணும் சேர்ந்து மேற்பரப்பை நோக்கி விர்ரென்று எழும்பி, உச்சியில் முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுவிட்டு அடுத்த கணமே கீழே இறங்கிவிடும். கூடு கட்டுவதோ காவல் காப்பதோ கிடையாது. ஸ்காரஸ் வகையறாவின் முட்டை உருண்டையாக இல்லாமல் இருபுறமும் கூர்ந்து, நூல் நூற்கும் கதிர் வடிவில் இருக்கும். நீரோட்டம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே குஞ்சு கரை சேரும். குஞ்சுகள் ஆரம்பத்தில் கரையோரப் பாசிப் பகுதிகளில், கலங்கல் தண்ணீரில்கூடக் கூட்டமாகத் திரியும். வளர வளர ஆழத்துக்கு நகரும். பெரிய மீன்கள் பெரும்பாலும் தனியாகத்தான் சுற்றும்.

இந்த நிறமாற்றத்தில் ஏமாந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் மீன்களுக்குப் பெயர் சூட்டிய பெரிய அறிஞர்கள் பலரும் ஒரே கிளிமீனின் ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர், குஞ்சுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் மட்டும் நூற்றுக்கணக்கில் பெருகிப் போய், பிற்பாடு வந்தவர்கள் உட்கார்ந்து அவற்றைச் சுமார் 100 இனங்களாகச் சுருக்க வேண்டியிருந்தது. உங்கள் கடைக்காரர் அந்த வகையில் அவர்களைவிட ஒரு படி மேல்.

கோபன் என்ற பெயர் செங்கடல் கரையில் அரபு மீனவர்கள் அழைத்த பெயர். பெயரிட்டவர் ஃபோர்ஸ்கோல் என்ற இயற்கையாளர். டென்மார்க் அரசர் அனுப்பிய குழுவோடு அரேபியாவுக்குப் போன அவர் 1763-இல் ஏமன் நாட்டில் மலேரியாவில் இறந்துபோனார். அவருடைய குறிப்புகளைக் குழுவில் உயிரோடு ஊர் திரும்பிய ஒரே ஆளான நீபூர் 1775-இல் அச்சிட்டார். அந்தப் புத்தகத்தில் இந்த மீனும் இருக்கிறது. செங்கடலில் பெயர் வாங்கினாலும் இது இருக்கும் பரப்பு மிகப் பெரியது. இந்துமாக்கடல் முழுக்க, பசிபிக் வரை உண்டு. சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள்ளும் நுழைந்துவிட்டது. கலங்கிய தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும் என்பது இவ்வளவு தூரம் பரவியதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அலகுக்கு வருவோம். தாடையில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பற்கள் வரிசை வரிசையாக ஒட்டி இறுகிப்போனதுதான் அந்த அலகு. முன்வரிசை தேய்ந்து உதிர உதிரப் பின்வரிசை முன்னுக்கு வரும். ஆயுள் முழுக்க இப்படியே. 2017-இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், ஆஸ்திரேலியப் பக்கத்துக் கிளிமீன் ஒன்றின் பல்லை எக்ஸ்ரே கற்றைகளால் ஆராய்ந்தார்கள். பல்லின் மேற்பூச்சு ஃப்ளுவோரபடைட் என்ற கனிமம். நம் பல்லில் இருப்பது அதன் ஒன்றுவிட்ட தம்பி மாதிரியான வேறொரு அபடைட். பற்பசையில் ஃப்ளூரைடு சேர்ப்பதே அதில் கொஞ்சத்தை இந்த வகையாக மாற்றத்தான். மீனின் பல்லில் அந்தக் கனிமப் படிகங்கள் மெல்லிய இழைகளாகி, ஒன்றோடொன்று குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடந்தன. கடிக்கும் நுனிக்கு வர வர இழை மெலிந்து, கடினம் கூடுகிறது. அந்த நுனியின் கடினத்தை ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 530 டன் என்று கணக்கிட்டார்கள். செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றையும்விடக் கடினம். கல்லைக் கடித்தாலும் உடையாததற்கு அந்தப் பின்னல்தான் காரணம்.

கடிப்பதும் கல்லைத்தான். பாருக்குப் பக்கத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கினால் கிளிமீன் கண்ணில் படுவதற்கு முன் காதில் விழும். கறுக், கறுக் என்று கல்லைச் சுரண்டும் சத்தம். மேய்ந்த இடத்தில் இரண்டு இணைகோடுகளாக வெள்ளைத் தழும்பு நிற்கும். கிளிமீன்களில் முக்கியமாக இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் ஆழமாகக் கல்லைப் பெயர்த்து எடுக்கும். இன்னொரு ரகம் மேலாகச் சுரண்டும். நம் நீலப்பட்டை இரண்டாம் ரகம்.

வாய்க்குள் போன கல் நேரே தொண்டைக்குப் போகிறது. அங்கே இன்னொரு ஜோடி தாடை இருக்கிறது, மேலொன்று கீழொன்று, இரண்டிலும் பல் வரிசை. அதில் அரைபட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். இரைப்பை என்று தனியாக ஒன்று இந்த மீனுக்குக் கிடையாது. அரைத்த கூழ் அப்படியே நீளமான குடலுக்குள் போய்விடும். சத்தை உறிஞ்சிக்கொண்ட பின் மிச்சம் வெளியே வருவது மணல். கடலில் நீந்திக்கொண்டிருக்கும்போதே பின்னால் வெள்ளைப் புகை மாதிரி மணல் கொட்டிக்கொண்டே போகும்.

இது சில்லறை விஷயம் இல்லை. மாலத்தீவில் வக்காரு என்ற தீவைச் சுற்றி 2015-இல் வெளியான ஒரு ஆய்வு, அங்கே புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன்கள் தந்தது என்று கணக்குச் சொன்னது. கிளிமீன்களிலேயே ராட்சதமான, நெற்றி புடைத்த இனம் ஒன்று ஆளுக்கு ஆண்டுக்கு 5 டன் பவளக்கல்லை அரைக்கிறது. நம் பக்கத்துத் தீவுகளுக்கு அந்த விகிதத்தை அப்படியே தூக்கிப் போடக் கூடாது. மாலத்தீவின் மீன் கூட்டம் வேறு, இங்கே வேறு. ஆனால் குருசடைத் தீவிலோ முயல் தீவிலோ நீங்கள் கால் வைக்கும் வெள்ளை மணலில் இந்த மீனின் குடல் வழியாக வந்ததும் கலந்திருக்கிறது என்பதில் சந்தேகம் வேண்டாம்.

அப்படியானால் பவளத்தைத் தின்று அழிக்கிற மீனா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உயிருள்ள பவளத்தை இது கடிப்பது குறைவு. செத்த பவளக் கல்லின் மேல் படியும் பாசிப் படலம்தான் இதன் மேய்ச்சல் நிலம். இதிலும் சமீபத்தில் கருத்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பாசியைத் தின்னும் மீன் என்று பாடப்புத்தகம் எழுதுகிறது. ஆனால் வெறும் பாசியில் புரதம் சொற்பம், அதற்காக இவ்வளவு உழைப்பு எதற்கு? 2017 வாக்கில் சில ஆய்வாளர்கள் வேறொரு விளக்கம் வைத்தார்கள். கல்லின் மேலேயும் கல்லுக்குள்ளேயும் துளையிட்டு வாழும் நீலப்பச்சை நுண்ணுயிர்களில் புரதம் அதிகம். கிளிமீன் தேடுவது அவற்றைத்தான். பாசியும் கல்லும் கூடவே உள்ளே போவது. அந்த அலகையும் தொண்டை அரவையையும் பார்க்கும்போது இந்த விளக்கம்தான் எனக்கு ஒத்துவருகிறது. வெறும் தழை மேய இவ்வளவு கருவி தேவையில்லை.

எதைத் தேடிச் சுரண்டினாலும் பாருக்கு விளைவு ஒன்றுதான்: கல் வழிக்கப்பட்டு, புதிய பவளக் குஞ்சு ஒட்ட இடம் கிடைக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறின, ஒரு பகுதி செத்தது. செத்த கல்லைப் பாசி மூடிக்கொண்டால் பவளம் மறுபடி தலைதூக்க முடியாது. அந்த நேரத்தில் மேயும் மீன் கூட்டம் அங்கே இருப்பதும் இல்லாததும் பெரிய வித்தியாசம். கரீபியன் பக்கம் பெலீஸ் நாடு 2009-இல் கிளிமீன் பிடிப்பதையே தடை செய்தது இதனால்தான். ஆனால் இந்த மீன் எல்லாப் பாசியையும் வழித்துவிடும் என்று நம்ப வேண்டாம். மண்டபம் பக்கம் வளர்ப்புக்கென்று கொண்டுவந்த வெளிநாட்டுக் கடற்பாசி காப்பாஃபைகஸ், குருசடைத் தீவின் பவளங்கள் மேல் ஏறிப் படர்ந்திருப்பதை மதுரையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008-இல் எழுதினார்கள். அப்படித் தடித்து வளரும் பாசியைச் சுரண்டித் தள்ளும் அமைப்பு நீலப்பட்டையின் வாய்க்குக் கிடையாது.

இரவில் இந்த மீன் வேறு ஆள். பகலெல்லாம் மேய்ந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் பாரின் பொந்துக்குள் புகுந்து படுத்துவிடும். அசையாது. ஸ்காரஸ் வகையறாவில் பல இனங்கள் படுத்த பிறகு வாயிலிருந்தும் செவுள் பக்கத்திலிருந்தும் கோழையைச் சுரந்து, உடம்பு முழுவதையும் மூடி ஒரு மெல்லிய பை கட்டிக்கொள்ளும். விடிந்ததும் அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். இந்தப் பை எதற்கு என்று நெடுநாள் தகராறு. விலாங்கு மோப்பம் பிடிக்காமல் இருக்க என்றார்கள் சிலர். 2011-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள். பையோடு தூங்கிய மீன்களில் 10 சதவீதத்தை மட்டும் இரத்தம் குடிக்கும் சிறு ஒட்டுண்ணிப் பூச்சிகள் கடித்திருந்தன. பையை அகற்றிவிட்டுத் தூங்க வைத்த மீன்களில் 94 சதவீதம் கடிபட்டன. ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே அதைக் கடலின் கொசுவலை என்று எழுதினார்கள். வைகைக் கரையில் குடியிருப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. ஒரு நாள் சக்தியில் 2.5 சதவீதம்தான் இந்தப் பைக்குச் செலவாகிறது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்தத் தூக்கம்தான் இதற்கு எமனும். டார்ச் அடித்துக்கொண்டு இரவில் ஈட்டியோடு இறங்குபவனுக்கு, நகராமல் படுத்திருக்கும் கிளிமீன் கையால் எடுப்பது மாதிரி. உலகில் பல இடங்களில் பெரிய கிளிமீன்கள் காணாமல் போனதற்கு இரவு வேட்டை ஒரு முக்கியக் காரணம்.

நம் பக்கத்தில் முக்கியமாகக் கூட்டில்தான் பிடிக்கிறார்கள். கீழக்கரை, மண்டபம், பாம்பன் கரைகளில் பின்னிய கூடுகளைப் பார் ஓரமாகக் கடலடியில் இறக்கி வைத்து, பிறகு போய்த் தூக்குவார்கள். ஓரா, விளமீன், களவா, கிளி எல்லாம் சேர்ந்து வரும். விசைப்படகின் இழுவலை பாரில் மாட்டிக் கிழிந்துவிடும் என்பதால் விசைப்படகுக்காரர்கள் பாருக்குள் வலை விடுவதைத் தவிர்ப்பார்கள். தூண்டிலில் கிளிமீன் சிக்குவது அரிது. கல்லைச் சுரண்டித் தின்பவனுக்கு இரை காட்டி என்ன பயன்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகுச் சரக்குதான் மதுரைக்கு வரும் என்பதால், நெல்பேட்டையிலும் மற்ற கடைகளிலும் கிளியும் ஓராவும் கூடுதலாகக் கண்ணில் படும்.

மன்னார் வளைகுடாவை மண்டபத்துக்காரர்கள் தென்கடல் என்பார்கள், பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்பார்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வாடைக் காலத்தில் வடகடல். மதுரை வழியாக ஓடும் வைகை ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் கலப்பது வடகடலில். பவளத் தீவுகள் 21-உம் இருப்பது தென்கடலில், ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே. அந்தத் தீவுகளும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா, பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அதற்குள் மீன் பிடிக்கக் கூடாது. தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், நீருக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளக்கல்லை வெட்டி எடுத்த காலத்தின் விளைவு அது. மணல் செய்யும் மீன் எவ்வளவு இருந்தாலும் மனிதன் கடப்பாரையோடு இறங்கினால் ஈடுகொடுக்க முடியாது.

சாப்பிடலாமா? சாப்பிடலாம். இந்த இனத்தைப் பிடிக்கவோ விற்கவோ நம் ஊரில் தடை இல்லை, உலக அளவில் அழியும் பட்டியலிலும் இல்லை. என் வழக்கத்தைக் கேட்டால், பெரிய பச்சை ஆணை நான் வாங்குவதில்லை. அதைத் தூக்கிவிட்டால் அந்த இடத்துக்கு ஒரு பெரிய பெண் ஆணாக மாறும், முட்டையிடுவதில் ஒன்று குறையும். ருசியிலும் பெரியதால் லாபம் எதுவும் இல்லை. உள்ளங்கை நீளக் குட்டிகளையும் வாங்க வேண்டாம், அவை ஒரு முறைகூட முட்டையிட்டிருக்காது. நடுத்தர அளவில், எப்போதாவது ஒரு முறை என்றால் தப்பில்லை. வாரா வாரம் சாப்பிட இதைவிட நெத்திலியும் சாளையும் நல்ல தேர்வு, விலையும் கம்மி.

வாங்குவதானால் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் உள்ளே குழிந்திருக்கக் கூடாது. வயிற்றை விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. இதில் வயிறுதான் முதலில் கெடும். குடல் நிறைய அரைத்த மணலும் பாசியும் இருப்பதால், ஐஸ் சரியில்லை என்றால் வயிற்றுப் பக்கத்துச் சதை சீக்கிரம் வாடை எடுத்துவிடும். மண்டபத்திலிருந்து மதுரை சுமார் 150 கிலோமீட்டர். பெட்டியில் ஐஸ் போதுமான அளவு போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. கடையிலேயே குடலை எடுத்துத் தரச் சொல்லுங்கள், எடுத்த பின் வயிற்றுக்குள் ஓடுகிற தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். மணல் ஒட்டியிருந்தால் சாப்பிடும்போது பல்லில் கடிபடும். செதில் பெரிது, சுலபமாக உரிந்துவிடும். தலையைக் குழம்பில் போட விரும்புபவர்கள் அலகையும் தொண்டையில் உள்ள அரவை எலும்பையும் எடுத்துவிட்டுப் போடுங்கள். ஈரலும் குடலும் வேண்டவே வேண்டாம்.

ஈரலை விலக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பவளப்பாறைப் பாசியில் ஒட்டி வாழும் ஒருவகை நுண்ணுயிர் ஒரு நஞ்சைச் செய்கிறது. பாசி மேயும் மீனில் அது கொஞ்சம் சேரும், அந்த மீனைத் தின்னும் பெரிய களவா, சீலா போன்றவற்றில் இன்னும் சேரும். சிகுவாடெரா என்பது அதனால் வரும் உபாதை. வாந்தி பேதியோடு உதடும் விரலும் மரத்துப்போகும், குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவது போல் இருக்கும். பசிபிக் தீவுகளிலும் கரீபியன் பக்கமும் இது பழகிப்போன தொல்லை. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது, மீனைப் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. உள்ளுறுப்புகளில் அது அதிகம் தங்கும். மீன் சாப்பிட்ட சில மணி நேரத்தில் இப்படிப்பட்ட மரத்துப்போதல் இருந்தால் மருத்துவரிடம் போய், சாப்பிட்டது பாறை மீன் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

சதை வெள்ளை, கொழுப்பு குறைவு, மென்மை. வஞ்சிரம் மாதிரி வில்லையாக நின்று வறுபடும் என்று எதிர்பார்க்காதீர்கள். புளிக்குழம்புக்குத்தான் சரி. சின்ன வெங்காயமும் தக்காளியும் வதங்கி, புளித்தண்ணீரும் மசாலாவும் நன்றாகக் கொதித்து எண்ணெய் மேலே மிதந்த பிறகு மீனைப் போட வேண்டும். போட்ட பின் கரண்டி விட்டுக் கிளறினால் எல்லாம் உதிர்ந்து கூட்டாகிவிடும். துணியால் சட்டியின் இரண்டு பக்கமும் பிடித்து லேசாக ஆட்டினால் போதும். நிறம் குழம்பில் இறங்குமா என்று யாராவது கேட்பார்கள். இறங்காது.

வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது நடக்காத காரியம். முழ நீளத்துக்கு மேல் வளரும் மீன், நாள் முழுக்கக் கல்லைச் சுரண்டாவிட்டால் அதற்கு வயிறு நிறையாது. மீன் கடையில் விற்கும் உருண்டைத் தீனியால் அதைத் தேற்ற முடியாது. உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் பாம்பனுக்குப் பக்கத்தில் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. கச்சான் தொடங்குவதற்கு முன், பிப்ரவரி, மார்ச் வாக்கில் போனால் தண்ணீர் தெளிவாக இருக்கும். படகில் இடம் இருக்கிறதா, அன்றைக்குக் கடல் எப்படி என்பதை முதல் நாளே விசாரித்துக்கொண்டு, மதுரையிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் மேலே இருப்பவர்களுக்குத்தான் தாங்காது, மீன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும்.